மொழி மாதிரிக்குத் தமிழ் நூல் சேர்க்கிறீர்களா? பதிப்புரிமையை இப்படிப் பாருங்கள்

என் அப்பா எழுதிய கடல் பற்றிய சிறுவர் நூலின் 43ஆம் பக்கத்தில் 'கடல்மட்டம்' என்ற சொல் 'கடல்மட்டாம்' என்று அச்சாகியிருக்கும். அந்தப் பிழையை விட்டது நான். அப்போது எனக்கு 19 வயது. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்த புதிது. ஆயிரம் படி அடித்தார்கள், மறுபதிப்பு வரவே இல்லை. போன ஆண்டு, எழுத்துப்பிழை திருத்தும் சிறிய மொழி மாதிரி (ஏராளமான எழுத்தைப் படித்துச் சொற்களின் போக்கைக் கற்கும் கணினி நிரல்) ஒன்றைப் பயிற்றுவதற்காக எங்கள் குழுவில் ஒரு தம்பி இறக்கி வைத்திருந்த டேட்டாசெட்டில், அதாவது பயிற்சிக்கான எழுத்துத் தொகுப்பில், பிழைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதே 'கடல்மட்டாம்' வந்து நின்றது. முன்னும் பின்னும் அப்பாவின் வரிகள். அவர் பெயர் எங்கும் இல்லை.

"அக்கா, இது நெட்ல சும்மா கிடந்ததுதானே?" என்றான் தம்பி. நல்ல பையன். இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய பணம் புழங்கும் திட்டம் என்றால் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் போங்கள். ஆனால் அவரிடம் போகும்போதும் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அந்த நோட்டைப் போடுவது எப்படி என்பது எனக்குத் தெரியும். (காப்புரிமை என்று சொல்லாமல் பதிப்புரிமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேடன்டுக்கும் காப்புரிமை என்ற சொல்லே ஓடுகிறது. இரண்டும் வேறு சட்டம்.)

முதலில் நோட்டு, பிறகு டவுன்லோடு

எக்செல் தாள் போதும். நூலின் பெயர், எழுதியவர், அவர் இறந்த ஆண்டு, முதல் பதிப்பு வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளரோ உரையாசிரியரோ பதிப்பாசிரியரோ இருந்தால் அவர்கள் பெயரும் இறந்த ஆண்டும், எந்த இணைய முகவரியிலிருந்து எந்த நாளில் எடுத்தோம், அங்கே உரிமம் பற்றி என்ன எழுதியிருந்தது, கடைசியாக முடிவு. முடிவுக்கு நாங்கள் வைத்திருப்பது மூன்றே சொல்: சரி, கேட்கணும், வேண்டாம்.

ஒரு கோப்பை இறக்குவதற்கு முன்பே அதற்கான வரிசையை எழுதிவிடுங்கள். பயிற்சிக்குப் போகும் எழுத்தெல்லாம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கப்புறம் எந்த வரி எந்த நூலுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவின் நூலை நான் கண்டுபிடித்ததே ஓர் அச்சுப்பிழையால்தான். பிழை இல்லாத நூல்கள் எத்தனை அதற்குள் கிடந்தனவோ.

இதில் எங்களுக்கு நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வளர்த்த மின்னூல் தொகுப்பு. அதன் கோப்புகளில் தலைப்பகுதி ஒன்று இருக்கும்: உழைத்தவர்களுக்கு நன்றி, அந்தத் தலைப்பகுதியை நீக்காமல் கோப்பைத் தாராளமாகப் பகிரலாம் என்ற குறிப்பு. சில நூல்களில், இதை வெளியிட அனுமதி தந்த ஆசிரியருக்கு நன்றி என்றும் இருக்கும். எங்கள் நிரல் முதல் வேலையாக அந்தத் தலைப்பகுதியைத்தான் 'குப்பை' என்று வெட்டி எறிந்தது. அனுமதி தந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தியே அதோடு போயிற்று. மதுரைத் திட்டத்தில் இருப்பதெல்லாம் சங்க இலக்கியம்தான், எல்லாம் பொதுச்சொத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது நிரல் தலைப்பகுதியைத் தனிக் கோப்பில் சேமித்து, நோட்டின் வரிசை எண்ணோடு கட்டி வைத்த பிறகுதான் உடலைத் தொடுகிறது.

எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதே பாதி வழக்கு

2025 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தந்த தீர்ப்பை இந்த வேலையில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் போட்ட வழக்கு அது. நூல்களைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுவது அமெரிக்கச் சட்டப்படி நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே செய்யலாம் என்றார் நீதிபதி. காசு கொடுத்து வாங்கிய அச்சு நூல்களைப் பிரித்து ஸ்கேன் செய்ததையும் ஏற்றுக்கொண்டார். திருட்டுத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இறக்கி நூலகமாக வைத்துக்கொண்டதை மட்டும் அவர் ஏற்கவில்லை. கடைசியில் 150 கோடி டாலருக்குச் சமரசம் பேசப்பட்டது. சுமார் 5 லட்சம் நூல்கள், நூலுக்கு ஏறத்தாழ 3,000 டாலர்.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. இந்தியச் சட்டம் வேறு. ஆனால் அதிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு விதி எடுத்துக்கொண்டோம்: டெலிகிராம் குழுக்களில் சுற்றும் பிடிஎஃப் எதுவும் எங்கள் கணினிக்குள் வராது. நூல் எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி. உரிமை முடிந்த நூலாக இருந்தால் அது நேர்வழியிலேயே எங்காவது கிடைக்கும். தேடுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆண்டுக் கணக்கு

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, எழுதியவரின் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் உரிமை முடியும் நேரத்தில்தான் 60 ஆக்கினார்கள். இறந்த ஆண்டோடு 60 கூட்டுங்கள். கிடைக்கும் ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். அவர் எழுத்து 2003 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் உரியது. புதுமைப்பித்தன் 1948-இல் போனார், 2009 முதல். என் அப்பா 2011. 2071 முடியும்வரை குடும்பத்தின் உரிமை.

நூல் வெளிவந்த ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதுதான் அதிகம் நடக்கும் தப்பு. "1952-ல வந்த நாவல்க்கா, எழுபது வருஷம் ஆச்சு" என்பான் தம்பி. எழுதியவர் 1995 வரை வாழ்ந்திருந்தால் 2055 முடியும்வரை தொடக்கூடாது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டுதான் கணக்கு. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சேறிய கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றுக்கு அச்சேறிய ஆண்டிலிருந்து 60. புனைபெயரில் வந்து, எழுதியவர் யார் என்றே தெரியாமல் இருந்தாலும் வெளியான ஆண்டிலிருந்து 60. ஆனால் நம் பத்திரிகைப் புனைபெயர்கள் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அப்படித் தெரிந்துவிட்டால் பழையபடி வாழ்நாள் கணக்குதான்.

ஈழத்து நூல்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டத்தில் மறைவுக்குப் பின் 70 ஆண்டு. சிங்கப்பூரிலும் 70. மாதிரியை எல்லா நாட்டிலும் திறந்துவிடப் போகிறீர்கள் என்றால் 70-ஐ வைத்தே கணக்குப் போடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அதனால் கைவிட வேண்டிவந்த நூல்களும் உண்டு.

ஒரு நூலுக்குள் எத்தனை பேர்

திருக்குறளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பரிமேலழகர் உரைக்கும் வேண்டியதில்லை. ஆனால் குறளுக்குக் கீழே இருக்கும் தெளிவுரையை 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதியிருப்பார். அந்த உரைக்குத் தனி உரிமை, அவர் மறைந்த ஆண்டிலிருந்து தனிக் கணக்கு. இணையத்தில் குறளையும் உரையையும் ஒன்றாகவே ஒட்டி வைத்திருப்பதால் இரண்டும் ஒரே மூட்டையாகப் போய்விடுகிறது. சங்கப் பாடல்களிலும் இதே கதை. மூலம் ஈராயிரம் ஆண்டுப் பழசு, அடிக்குறிப்பும் முன்னுரையும் நேற்று எழுதியவை. பத்து வரி முன்னுரை தானே என்று விடாதீர்கள். முன்னுரை எழுதியவரையும் நோட்டில் ஏற்றுங்கள், அல்லது அந்தப் பக்கங்களை நீக்குங்கள்.

மொழிபெயர்ப்பும் அப்படியே. டால்ஸ்டாய் 1910-இல் மறைந்தார், அவர் எழுத்து பொது. அவரைத் தமிழில் தந்தவரின் தமிழ் பொதுவாகிவிடவில்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட வழவழப்பான தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த வீடு எங்களுடையது. சோவியத் ஒன்றியம் போனபிறகு அந்த நூல்களுக்கு உரிமையாளரே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தத் தமிழை எழுதிய கைகளுக்கு உரியவர்கள் இன்னும் இருக்கலாம். எங்கள் நோட்டில் அவை 'கேட்கணும்' என்ற பகுதியில் நிற்கின்றன.

நாட்டுடைமை நூல்கள் நமக்கு வாய்த்த பெரிய கொடை

1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையை வாங்கியது; பின்னர் அதை மக்களுக்கு ஆக்கினார்கள். அதிலிருந்து தொடர்ந்து, வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவருகிறது. பாரதிதாசன், கல்கி என்று நீளும் பட்டியல் அது. சட்டக் கணக்குப்படி இன்னும் காலம் இருக்கும் எழுத்தாளர்கள்கூட இதில் இருக்கிறார்கள். இவற்றில் பலவும் தமிழ் விக்கிமூலத்தில் ஸ்கேனோடு கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து மஞ்சள், பச்சை என்று நிறம் இட்டிருப்பார்கள். பச்சைப் பக்கம் என்றால் இரண்டு பேர் கண் பட்ட பக்கம். மெய்ப்புக்காரியாகச் சொல்கிறேன், ஓசிஆர் (ஸ்கேன் படத்தை எழுத்தாக்கும் நிரல்) தரும் குப்பையை டன் கணக்கில் அள்ளுவதைவிடப் பச்சைப் பக்கங்களில் தொடங்குங்கள். உரிமையும் தெளிவு, எழுத்தும் தெளிவு.

ஒரே எச்சரிக்கை: நாட்டுடைமையானது அந்த ஆசிரியரின் எழுத்து. அதைப் பின்னாளில் ஒருவர் பாடவேறுபாடு பார்த்து, குறிப்பெழுதிச் செம்பதிப்பாகக் கொண்டுவந்திருந்தால் அந்தக் குறிப்புகள் அவருடையவை.

படிக்கத் திறந்திருப்பதும் எடுக்கத் திறந்திருப்பதும்

பள்ளிப் பாடநூல்களை யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். அதனால் அவை பொதுச்சொத்து ஆகிவிடாது. அரசு வெளியீட்டுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அதோடு பாடநூலுக்குள் கதை, கவிதை தந்த எழுத்தாளர்கள் தனி. ஈழத்து எழுத்துகளைக் காக்கும் நூலகம் தளத்தில் ஒருவர் தன் நூலை வைக்க இசைந்திருந்தால், அது வாசகர்கள் படிப்பதற்குத் தந்த இசைவு. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மண்ணில், இனியாவது எதுவும் அழியக்கூடாது என்று சேர்த்துவைத்த எழுத்து அது. அந்த நம்பிக்கையின் மேல் நாம் கைவைக்கக் கூடாது; ஆசிரியரிடமே கேட்போம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்த உரியவரே முன்கூட்டித் தரும் அனுமதி) இருந்தால் அதன் கடைசி எழுத்துவரை படியுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் உரிமம், பெயர் சொல்லச் சொல்கிறது. வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிடச் சொல்கிறது. தொகுத்த தரவை வெளியிட்டால் இரண்டையும் செய்யுங்கள். 'வணிகமல்லாத' என்று சொல்லும் உரிமத்தில் இருக்கும் நூலை, நாளைக்கு விற்கப்போகும் மாதிரிக்குள் போடாதீர்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு உரிமம். மொத்தமாக ஒன்றே என்று எண்ணாமல் ஒவ்வொரு நூலின் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளையும் அரசிதழையும் மறுபதிப்புச் செய்ய 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது. ஆனால் சட்ட இதழ்கள் தீர்ப்புக்கு மேலே எழுதும் தலைக்குறிப்புகளை எடுக்கக் கூடாது. 2007-இல் உச்ச நீதிமன்றமே ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறது.

யாரிடம் கேட்பது

பதிப்பாளரிடம் கேட்டால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. உரிமையை மாற்றித்தரும் ஒப்பந்தத்தில் காலம் எழுதியிராவிட்டால் 5 ஆண்டுதான் என்கிறது 19ஆம் பிரிவு. பத்திரிகையில் வேலை பார்த்தபோது எழுதியதென்றால், இதழில் வெளியிடும் உரிமைதான் பத்திரிகைக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மற்றது எழுதியவருக்கு. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது 2012 திருத்தம் 18ஆம் பிரிவில் சேர்த்த வரி: ஒப்பந்தம் போட்டபோது புழக்கத்திலேயே இல்லாத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிராவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. 1985-இல் கையெழுத்தான தாளில் மொழி மாதிரி பற்றி யார் எழுதியிருக்கப் போகிறார்கள்? ஆகவே பதிப்பாளர் சரி என்றாலும் எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ போங்கள். வாரிசுகள் பலர் என்றால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும்.

நாங்கள் அனுப்பும் கடிதம் இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். தங்களுடைய இன்ன நூலை, தமிழில் எழுத்துப்பிழை திருத்தும் மொழி மாதிரி ஒன்றைப் பயிற்றுவதற்குப் பயன்படுத்த அனுமதி கேட்கிறோம். நூல் முழுவதும் எங்கள் கணினியில் படியெடுக்கப்படும். மாதிரி அதிலுள்ள சொற்களின் போக்கைக் கற்கும். நூலை நாங்கள் யாருக்கும் தரமாட்டோம், வெளியிடமாட்டோம். மாதிரியின் விவரப் பக்கத்தில் தங்கள் பெயரும் நூலின் பெயரும் இருக்கும். இதற்காக இவ்வளவு தொகை தர முடியும். பின்னாளில் வேண்டாம் என்று சொன்னால் அடுத்த பதிப்பிலிருந்து நூலை நீக்கிவிடுவோம்; ஆனால் ஏற்கெனவே பயிற்றிய மாதிரியிலிருந்து அதைப் பிரித்தெடுக்க எங்களால் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு தாங்கள் முடிவு சொல்ல வேண்டுகிறோம்."

அந்தப் 'பிரித்தெடுக்க முடியாது' என்ற வரியை எடுத்துவிடலாம், பயந்துபோவார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. நாகர்கோவிலில் ஒரு பெரியவர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன மாதிரியே அது எழுதுமாம்மா?" என்றார். பிழை திருத்தத்தான் செய்கிறோம் ஐயா, ஆனால் அதே எழுத்தை வைத்து எழுதவும் கற்றுக்கொடுக்க முடியும் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வேண்டாம்மா" என்றார். அவருடைய நான்கு நூல்கள் 'வேண்டாம்' வரிசைக்குப் போயின. பேச்சு வழக்கை அவரைப்போல் எழுதியவர்கள் குறைவு; எங்களுக்கு இழப்புதான். ஆனாலும் அது அவருடைய எழுத்து.

உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாத நூல்களுக்கு 31அ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. நாளிதழில் விளம்பரம் கொடுத்துத் தொடங்க வேண்டியது. சிறு குழுவால் ஆகிற காரியமில்லை. விட்டுவிடுகிறோம்.

ஆராய்ச்சிதானே என்ற வாதம்

52ஆம் பிரிவு, சொந்தப் பயனுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமாகக் கையாள்வதை அனுமதிக்கிறது. கல்லூரி மாணவர் ஆய்வேட்டுக்குச் செய்யும் சோதனைக்கு இது துணை நிற்கலாம். மாதிரி பயிற்றுவதற்கென்று தனி விலக்கு இந்தியச் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஜப்பான் 2018-இலும் சிங்கப்பூர் 2021-இலும் எழுதிவைத்தன. இந்தியாவில் இது எதுவரை செல்லும் என்ற கேள்விதான் 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் மையம். 2025 டிசம்பரில் ஒன்றிய அரசின் குழு வெளியிட்ட ஆய்வுத்தாள், கட்டாய உரிமமும் உரியவர்களுக்கு ராயல்டியும் என்ற யோசனையை முன்வைத்தது. நான் சொல்வது, நியாயமான கையாளுதலை நம்பி நூல் சேர்க்காதீர்கள். முழு நூலையும் படியெடுத்துப் பொருளாக்கி விற்றுவிட்டு ஆராய்ச்சி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பயிற்றிய பிறகு ஒரு சோதனை

திரைப்பாடல் வரிகள் எங்கள் தரவில் இல்லை. ஆனாலும் வலைப்பக்கங்களோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரே பாட்டு நூறு தளத்தில் இருக்கும். நூறு முறை படித்ததை மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளும். 2025 நவம்பரில் மியூனிக் நீதிமன்றம், ஜெர்மன் இசை உரிமை அமைப்பான கெமா தொடுத்த வழக்கில், பாடல் வரிகள் மாதிரிக்குள் மனப்பாடமாகத் தங்கியிருப்பதே ஒரு படிதான் என்றது. எனவே ஒரே பத்தி திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்குங்கள். பயிற்றி முடித்ததும் நோட்டிலிருந்து இருபது முப்பது நூல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுப்பக்கத்து வரி ஒன்றைப் பாதி கொடுத்து மீதியைக் கேளுங்கள். சொல்மாறாமல் மூன்று வரி தொடர்ந்து வந்தால் அந்த நூல் எங்கோ பலமுறை நுழைந்திருக்கிறது. திரும்பப் போய்த் தேடுங்கள்.

நீக்கச் சொல்லி வரும் கடிதத்துக்கு ஒரு முகவரி வையுங்கள், ஏழு நாளில் பதில் சொல்லுங்கள். நோட்டு ஒழுங்காக இருந்தால் இது பத்து நிமிட வேலை.

அப்பாவின் நூல் இருந்த அந்த டேட்டாசெட்டை முழுதாக அழித்தோம். பிறகு அதே கடிதத்தை எங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்பினேன். காரைக்குடியில் அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். "அவரு பேரு வருமாடி?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான் போட்டேன். மஸ்கட்டிலிருந்து என் உடன்பிறந்த தம்பியின் கையெழுத்து வர மூன்று வாரமாயிற்று. அது வந்த அன்று வீட்டுப் பரணில் இருந்த அச்சுப்படியை நானே ஸ்கேன் செய்து, 43ஆம் பக்கத்தைத் திருத்தி, 212ஆம் வரிசையில் 'சரி' என்று எழுதினேன்.